புது ஸ்மோக்கரில் புகை கசிகிறது: தயாரிப்புக் குறையா, இயல்பா?

கேள்வி: மன்னார்குடி வாசகர், 2025 ஜனவரி 4

இணையத்தில் ஒரு கரி ஸ்மோக்கர், அதாவது உணவைக் கரிப் புகையில் வேகவைக்கும் அடுப்பு, வாங்கினேன். படுக்கை வாட்டில் பெரிய உருளை, பக்கத்தில் கரிப்பெட்டி, மறு முனையில் புகைபோக்கி. முதல் தடவை பற்றவைத்தபோது மூடியைச் சுற்றிலும் புகை கசிந்தது. மூடியில் உள்ள வெப்பமானி 90 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. ஆனால் கரிப்பெட்டிப் பக்கம் நிற்க முடியவில்லை, அவ்வளவு அனல். கரிப்பெட்டியின் பெயிண்ட்டும் கொப்புளம் விட்டிருக்கிறது. காணும் பொங்கலுக்கு மாமா வீட்டார் வருகிறார்கள், கொடுவா மீனைப் புகையில் வேகவைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டேன். இது தயாரிப்புக் குறையா? திருப்பி அனுப்பலாமா? தெரிந்த பெரியவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 4, இரவு

முதல் காரியம், அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தம்பி. பெட்டி, தெர்மாகோல், பில், மிச்சமான நட்டு போல்ட் எல்லாம் பரணுக்குப் போகட்டும். போகி வருகிறது. வீட்டில் யாராவது ஒருவர் கைக்குக் கிடைத்ததைக் கொளுத்திவிடுவார்.

பெயிண்ட் கொப்புளத்தை மறந்துவிடுங்கள். வெப்பமானியின் மேல் எனக்குச் சந்தேகம். கசிவைப் பற்றி இப்போதே தீர்ப்புச் சொல்ல முடியாது, எங்கே கசிகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஜனவரி 5

என்னைப் பற்றி ஒரு வரி. துவாக்குடியில் கொதிகலன் பாகங்கள் செய்யும் கூடமொன்றில் வெல்டிங் ஆய்வாளராக இருந்தவன். இப்போது கும்பகோணத்தில் ஓய்வு. ஓய்வு என்றால், பட்டறைக்காரர்களிடம் போய் வம்பு வளர்ப்பது.

ஸ்மோக்கர் வாங்கும் எல்லோரும் புகை வெளியே வருவதைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். காற்று உள்ளே நுழைவதைப் பார்ப்பதில்லை, அது கண்ணுக்குத் தெரியாததால். கரி எவ்வளவு வேகமாக எரியும் என்பதை முடிவு செய்வது அதற்குக் கிடைக்கும் காற்று. கரிப்பெட்டியின் கதவு சரியாகப் பொருந்தாமல் ஒரு பக்கம் விரல் இடுக்கு இருந்தால், கீழே உள்ள காற்றுத் தடுப்பை நீங்கள் எவ்வளவு மூடினாலும் பயனில்லை. தீ அந்த இடுக்கில் இழுத்துக்கொள்ளும். 110 டிகிரியில் நிறுத்த நினைப்பீர்கள், அது 170க்குப் போய் நிற்கும். மூடியின் மேல் விளிம்பில் நாலு இழை புகை போனால் என்ன போயிற்று? புகைபோக்கி வழியாகப் போக வேண்டியது கொஞ்சம் முன்னாலேயே போகிறது. இதற்காகத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தால் உலகத்தில் ஒரு ஸ்மோக்கரும் கடையை விட்டு வெளியேறாது.

ஆகவே மறுபடி பற்றவைப்பதற்கு முன், அடுப்பு ஆறியிருக்கும்போதே செய்ய வேண்டியவை. இரவில், விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, கரிப்பெட்டிக்குள் ஒரு டார்ச்சை எரியவிட்டு எல்லாவற்றையும் மூடுங்கள். வெளியே நின்று ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கதவின் விளிம்பிலும், கரிப்பெட்டியும் உருளையும் சேரும் இடத்திலும், வெல்டிங் கோட்டிலும் எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு டார்ச்சை உருளைக்குள் மாற்றி வைத்து இன்னொரு சுற்று. ஊசி முனை அளவு வெளிச்சத்தை விட்டுவிடுங்கள், அதைக் கரிப்பிசினே அடைத்துவிடும். கோடாக ஓடும் வெளிச்சம்தான் சங்கதி.

பகலில் விரலால் வெல்டிங்கைத் தடவிப் பாருங்கள் (கையுறை போட்டுக்கொண்டு, தகட்டின் பிசிர் சதையைக் கிழிக்கும்). மலிவான அடுப்புகளில் அங்கங்கே புள்ளி வைத்தாற்போல் பற்றவைத்துவிட்டு நடுவில் விட்டுவிடுவார்கள். காலுக்கும் கைப்பிடிக்கும் அது போதும். கரிப்பெட்டி இணைப்புக்குப் போதாது.

மூடியை மூடி, ஒரு செய்தித்தாள் துண்டை விளிம்பில் சொருகி இழுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒரு மூலையில் தாள் தானாக விழுகிறது, எதிர் மூலையில் கிழிகிறது என்றால் மூடி முறுக்கிக்கொண்டிருக்கிறது. முதலில் கீல் போல்ட்டுகளைத் தளர்த்தி, மூடியை உட்காரவைத்து, மறுபடி முறுக்குங்கள். நாம் வீட்டில் பூட்டும்போது வந்த கோணல் என்றால் அதிலேயே சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் தகடே கோணல்.

கொழுப்பு வடியும் ஓட்டை இருக்கிறதல்லவா, உருளைக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஓட்டையை நோக்கி ஓட வேண்டும். எதிர் மூலையில் குளம் கட்டினால் நாளைக்குக் கொழுப்பும் அங்கேதான் தேங்கும், தீப்பிடிப்பதும் அங்கேதான். தரை சமமா என்று பார்த்துவிட்டு அப்புறம் அடுப்பைத் திட்டுங்கள்.

ஜனவரி 5, மாலை

"தகட்டின் கனத்தைச் சொல்லவில்லையே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மெல்லிய தகடு தன்னளவில் குறை அல்ல. 14 கேஜ் என்று எழுதி விற்றுவிட்டு 18 கேஜ் அனுப்பினால் அது குறை, அதற்குப் பெயர் ஏமாற்று. 14 கேஜ் என்றால் 2 மில்லிமீட்டர், 16 என்றால் 1.6, 18 என்றால் 1.2. எண் ஏற ஏறத் தகடு இளைக்கும். பெயிண்ட் உரிந்த ஓரத்தில் வெர்னியர் (கனம் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். வெர்னியர் இல்லாதவர்கள் பக்கத்து லேத் பட்டறைக்குப் போகலாம். அறுவடை நேரம், டிராக்டர் வேலை குவிந்து கிடக்கும். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் காரியம் நடக்கும்.

ஜனவரி 6

தட்டிப் பார்ப்பது பற்றி எழுத மறந்தேன், ஓர் அம்மா திருவாரூரிலிருந்து நினைவூட்டியிருக்கிறார். கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் யார் குடத்தை வாங்கினாலும் சுண்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கமாட்டார்கள். கணீர் என்றால் வாங்குவார்கள், பொத்தென்றால் வைத்துவிடுவார்கள்.

ஸ்மோக்கர் தகடு வெண்கலக் குடம் போல் பாடாது, உண்மை. ஆனால் தட்டுவதில் வேறொரு பலன் உண்டு: பட்டி பிடிபடும். வெல்டிங்கில் ஓட்டை விழுந்தால் அதன் மேல் கார் டிங்கரிங் வேலைக்கான பட்டியை அப்பி, தேய்த்து, கறுப்பு பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு வழவழவென்று தாய்வீட்டுச் சீர் போல இருக்கும். அந்தப் பட்டி பாலியெஸ்டர் பிசின். கரி அனலுக்கு அது கருகும், வெடிக்கும், உதிரும். உதிர்வது மீன் மேலும்தான். திருப்புளியின் பின்புறத்தால் இணைப்பின் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள், ஓசை திடீரென்று மழுங்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு சின்ன காந்தத்தை அங்கே வையுங்கள். மற்ற இடத்தில் சப்பென்று ஒட்டிய காந்தம் அங்கே தளர்ந்து வழுக்கினால் பெயிண்ட்டுக்கு அடியில் இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. வெல்டிங் இணைப்பு நேரே கையால் தீட்டிய கோடு போலத் தெரிய வேண்டும். கிரைண்டர் போட்டதாகச் சொல்லி அது மறைந்தே போயிருந்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும்.

ஜனவரி 7

நாகப்பட்டினத்து நண்பர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்மோக்கர் வாங்கியிருக்கிறார். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே 304 ரகம்தான் என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறாராம். காந்தம் ஒட்டாததால் 304 என்று ஆகிவிடாது. 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, அதில் நிக்கல் குறைவு, கடற்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். நேர்மாறாக, 430 ரகத்தில் காந்தம் நன்றாக ஒட்டும், அதுவும் முறையான ஸ்டெயின்லெஸ்தான். பில்லில் ரகத்தின் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள் ஐயா. எழுதித் தரத் தயங்கினால் உங்களுக்கே விடை தெரிந்துவிடும்.

ஜனவரி 8

வெப்பமானி. மூடியிலிருந்து கழற்றி எடுங்கள், பின்னால் ஒரே ஒரு நட்டு. பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதன் தண்டை நுனியிலிருந்து இரண்டு அங்குலம் முங்கும்படி பிடியுங்கள், அடியைத் தொடக் கூடாது. நம் பக்கம் கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளி, ஆகவே முள் 100ல் நிற்க வேண்டும். ஊட்டிக்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது, அவர்கள் ஊரில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும்.

முள் 100க்கு முன்பின் மூன்று நான்கு டிகிரி தள்ளி நின்றால் விட்டுவிடுங்கள். 80ல் நின்றால் பின்புறம் திருத்தும் நட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பல வெப்பமானிகளில் இருக்கும், குறடால் பிடித்துத் திருப்பிச் சரி செய்யலாம். கொதிக்கும்போது முள் நடுங்கி நடுங்கி ஏறி பாதியில் சிக்கிக்கொண்டால் உள்ளே சுருள் கெட்டுவிட்டது. அதற்கு மாற்று கேளுங்கள், ஆனால் அடுப்பு முழுவதையும் திருப்பி அனுப்ப அது காரணம் ஆகாது.

இன்னொன்று. முள் சரியாகவே இருந்தாலும் அது காட்டுவது மூடியின் உச்சியில் உள்ள சூட்டைத்தான். மீன் கிடப்பது கம்பித் தட்டில். இரண்டுக்கும் நடுவே நல்ல வித்தியாசம் இருக்கும், கரிப்பெட்டிப் பக்கம் ஒன்று, புகைபோக்கிப் பக்கம் ஒன்று. இது எந்தத் தயாரிப்பாளரின் குற்றமும் இல்லை.

ஜனவரி 9

பேராவூரணியிலிருந்து வந்த கேள்விக்கு மட்டும் இன்று பதில், அவசரம் என்பதால். பழைய 200 லிட்டர் டிரம்மை அறுத்து ஸ்மோக்கர் செய்து தருவதாக உள்ளூர் வெல்டர் சொல்கிறாராம். டிரம் பூச்சிமருந்துக் கடைப் பின்கட்டில் கிடந்ததாம்.

வேண்டாம். எரித்துச் சுத்தம் செய்துவிடலாம் என்று அவர் சொல்வார். வேண்டாம். சமையல் எண்ணெய் வந்த டிரம் என்று உறுதியாகத் தெரிந்தால் வாங்குங்கள். அதிலும் உள்ளே பூசியிருக்கும் செம்பழுப்பு நிறப் பூச்சை விறகுத் தீயில் முழுசாக எரித்து, கம்பி பிரஷால் தேய்த்து, வெறும் இரும்பு தெரிந்த பிறகுதான் உணவு. முன்னால் என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மில் நாற்றுக்குத் தண்ணீர் கூடப் பிடிக்கமாட்டேன்.

ஜனவரி 10

மன்னார்குடித் தம்பி படங்கள் அனுப்பியிருக்கிறார். கம்பித் தட்டு வெள்ளி நிறத்தில் பூப்போட்ட மாதிரி மின்னுகிறது. அது கால்வனைஸ் பூச்சாக, அதாவது துத்தநாகப் பூச்சாக இருந்தால் அதன் மேல் உணவை வைக்காதீர்கள். துத்தநாகம் 420 டிகிரியை ஒட்டி உருகும், 907ல் கொதிக்கும். மீன் வேகும் 110 டிகிரியில் அது ஆவியாகாதுதான். ஆனால் அதே கம்பி கரித் தட்டாகவும் கிடந்தால் கதை வேறு. கால்வனைஸ் தகட்டைப் பற்றவைத்த வெல்டர் இரவில் குளிர்காய்ச்சலில் நடுங்குவதைக் கூடத்தில் நான் பார்த்திருக்கிறேன், அந்த வெள்ளைப் புகையின் வேலை அது. மேல் தட்டில் ஆபத்து வேறு வழியில் வரும்: நாம் எலுமிச்சையும் புளியும் தயிரும் பூசாமல் எதையும் சுடுவதில்லை. புளிப்பு துத்தநாகத்தைக் கரைத்து உணவில் சேர்க்கும். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றைக் கம்பியின் ஓரத்தில் விட்டு, பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் மங்கிச் சாம்பல் பூத்திருந்தால் சந்தேகம் பலம். குரோமியப் பூச்சு அசையாது. சந்தேகம் தீராவிட்டால் தட்டை மட்டும் மாற்றிவிடுங்கள். அதற்கு நூறு கேள்வி கேட்பதைவிடப் புதுத் தட்டு மலிவு.

ஜனவரி 11

இப்போது தீ. உணவில்லாமல் ஒரு தடவை, கட்டாயம். தகட்டை வளைக்கும்போது பூசிய எண்ணெய், பெயிண்ட்டின் ஆவி எல்லாம் முதல் தீயில் வெளியேற வேண்டும். உருளையின் உட்புறம் கடலை எண்ணெயை லேசாகத் துணியால் பூசுங்கள், வழியக் கூடாது. 180, 200 டிகிரி வரை ஏற்றி இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள்.

கரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துச் சீமைக் கருவேலக் கரி. நல்ல கரிதான். மார்கழிப் பனியில் சாக்கு ஈரம் குடித்திருந்தால் முதல் அரை மணி நேரம் வெண்புகையாகக் கக்கும். அதைப் பார்த்துவிட்டு "பெயிண்ட் எரிகிறது" என்று புகார் எழுதியவர்களை நான் அறிவேன். முன்தினமே வெயிலில் பரப்பிவிடுங்கள்.

அடுப்பு நன்றாகப் பிடித்த பிறகு ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி இணைப்புகளை ஒட்டி மெல்ல நகர்த்துங்கள். ஊதுபத்திப் புகை இணைப்புக்குள் இழுபடுகிறதா, வெளியே தள்ளப்படுகிறதா? தள்ளப்பட்டால் விடுங்கள். இழுபட்டால் அங்கே காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம், சாக்பீஸ் கோடு அங்கே.

5ஆம் தேதிக் குறிப்பில் மூடிக் கசிவைப் பொருட்படுத்தாதீர்கள் என்று எழுதினேன். மேல் விளிம்புக்கு அது இன்றும் பொருந்தும். மூடியின் கீழ் விளிம்பில் புகைபோக்கியின் இழுப்பு வலுவாக இருந்தால் குளிர்ந்த காற்று உள்ளே வரும், உருளை சூடேறாது. ஊதுபத்தி அதையும் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை: எல்லாத் தடுப்புகளையும், புகைபோக்கி மூடியையும் அடைத்துவிட்டுப் போய்ச் சாப்பிடுங்கள். காற்று இறுக்கமான அடுப்பில் கனல் சீக்கிரம் சுருண்டு, மிச்சக் கரி கறுப்பாகவே கிடக்கும், மறுநாளைக்கு ஆகும். காலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் வெள்ளைச் சாம்பல் என்றால் அடுப்பு ராத்திரி முழுவதும் எங்கிருந்தோ மூச்சு வாங்கியிருக்கிறது.

இதெல்லாம் திறந்த வெளியில். பனி கொட்டுகிறது என்று தாழ்வாரத்துக்குள்ளோ கொட்டகைக்குள்ளோ இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அடைத்த கரி அதிகமாகக் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு வாசனையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது.

ஜனவரி 13, போகி

தம்பி சொன்ன பேச்சைக் கேட்டு நேற்று இரவு சோதனைத் தீ போட்டிருக்கிறார். போகிக்கு ஒருநாள் முந்தியே எதையோ கொளுத்துகிறீர்கள் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சண்டைக்கு வந்துவிட்டாராம். பழைய டயர் இல்லை, புதிய அடுப்பு என்று நிரூபிக்க மூடியைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்றாம்.

ஜனவரி 14

பொங்கல் வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தம்பியின் முடிவுகள்: கொதிக்கும் தண்ணீரில் வெப்பமானி 82 காட்டியது. அதாவது அன்று 90 என்று அவர் பயந்தபோது உள்ளே 108ஐ ஒட்டி இருந்திருக்கிறது, மீனுக்குத் தோதான சூடு! நட்டைத் திருகிச் சரி செய்துவிட்டார். மூடியின் மேல் விளிம்பில் புகை தள்ளப்படுகிறது, கீழ் விளிம்பில் ஒன்றும் இல்லை. கரிப்பெட்டிக் கதவில்தான் விவகாரம். கீல் பக்கத்தில் ஊதுபத்திப் புகை நூல் பிடித்தாற்போல் உள்ளே ஓடியதாம். டார்ச் வெளிச்சமும் அங்கே கோடாக விழுந்தது. காலையில் ஒரு துண்டுக் கரி மிச்சமில்லை.

அந்தக் கதவுக்கு மாற்று கேட்கலாம், கேட்க வேண்டும். கீலைக் கோணலாக வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள், நாம் முறுக்கிச் சரி செய்ய அங்கே போல்ட்டே இல்லை.

காணும் பொங்கலுக்கு என்ன செய்வது என்கிறார். கதவு இடுக்கில் அலுமினியத் தாளை மடித்து அடைத்துக்கொண்டு சமைக்கலாம், ஒருநாள் தாங்கும். ஆனால் அதற்கு முன் இடுக்கைப் படமும் காணொளியும் எடுத்து விற்றவருக்கு அனுப்பிவிடுங்கள். ஓட்டை போடுவது, வெல்டிங் வைப்பது எதுவும் கூடாது. நாம் கை வைத்துவிட்டால் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்பார்கள்.

ஜனவரி 15

"இடுக்குக்கு அரிசி ஆலையில் கொதிகலன் கதவுக்குப் போடும் கயிறு கிடைக்கும், ஒட்டிவிடுங்கள்" என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். பழைய கையிருப்பில் இருப்பது அஸ்பெஸ்டாஸ் கயிறாக இருக்கலாம். உணவு அடுப்பில் அது நுழையவே கூடாது. கண்ணாடியிழைக் கயிறு கேட்டு வாங்குங்கள், அதுவும் மாற்றுக் கதவு வந்த பிறகு தேவைப்பட்டால்.

ஜனவரி 18

பிரெட் துண்டுச் சோதனையை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். கம்பித் தட்டு முழுவதும் பிரெட் துண்டுகளை அடுக்கி, 170 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் விட்டு எடுங்கள். எங்கே கருகியது, எங்கே வெள்ளையாகவே இருக்கிறது என்று பார்த்தால் அடுப்பின் சூட்டு வரைபடம் கையில். கரிப்பெட்டிப் பக்கம் கருகுவது இயல்பு. முன்பக்கமும் பின்பக்கமும் மாறுபட்டால் உள்ளே தடுப்புத் தகடு கோணலாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர் 2018 கஜா புயலில் சாய்ந்த மாமரத்துக் கட்டைகள் கொட்டகையில் இருப்பதாகவும், புகைக்கு ஆகுமா என்றும் கேட்கிறார். நனையாமல், பூசணம் பிடிக்காமல் இருந்தால் ஆகும். மாவும் கொய்யாவும் மீனுக்கு நன்றாகச் சேரும். வேம்பு வேண்டாம், கசக்கும்.

ஜனவரி 22

விற்றவர் பதில் அனுப்பியிருக்கிறார்: "புகைக் கசிவு இயல்பானது, கதவில் குறை இல்லை." நான் மூடியைப் பற்றிச் சொன்ன அதே வாக்கியத்தை எடுத்துக் கதவுக்கு மாட்டிவிட்டார்கள், பலே.

தம்பி, வாதாடாதீர்கள். இரண்டு வாக்கியம் எழுதுங்கள்: "காற்றுத் தடுப்புகளை முழுவதும் மூடிய பிறகும் கரி அணையவில்லை. கதவின் கீல் பக்கம் இவ்வளவு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது, படம் இணைப்பு." அளவு போட்டு எழுதினால் பதிலின் தொனி மாறும். மாறாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் சரி. உங்களுக்குத் திருவாரூர். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தால் போதும். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது.

பிப்ரவரி 3

போகவில்லை. புதுக் கதவு அனுப்பிவிட்டார்கள், இந்த முறை கீல் போல்ட்டில் மாட்டுவது. படத்தில் பார்த்தால் விளிம்பு நேராக இருக்கிறது. ஆனாலும் மாட்டுவதற்கு முன் கதவைச் சமமான தரையில் கவிழ்த்துப் போட்டு நாலு மூலையையும் அழுத்துங்கள். ஆடினால் இதுவும் கோணல். ஆடாவிட்டால் போல்ட்டை முழுசாக முறுக்காமல் மாட்டி, கதவை மூடிய நிலையில் வைத்து அப்புறம் முழுசாக முறுக்குங்கள். அதன் பிறகு டார்ச், ஊதுபத்தி, இரவு முழுவதும் அடைத்து வைப்பது மூன்றும் மறுபடி. கரி மிஞ்சிய படத்தை அனுப்பும் வரை பழைய கதவைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.